பாடப் புத்தகத்தை நூலக ரிசர்வில் வைப்பது எப்படி? புதிதாகப் பாடம் எடுக்க வருபவர்களுக்கு

கவுன்ட்டருக்கு ஒரு மாணவி வந்து நிற்கிறாள். “அந்த நீல அட்டை போட்ட புத்தகம் வேணும்.” எந்த நீல அட்டை? “சார் வகுப்புல தூக்கிக் காட்டினாரே, அதுதான்.” எந்தப் பாடம் என்று கேட்டு, பாட எண்ணைக் கணினியில் தட்டினால் அதன் கீழ் ஒன்றுமே இல்லை. சார் புத்தகத்தைக் காட்டியது உண்மைதான். நூலகத்துக்குச் சொல்லத்தான் மறந்துவிட்டார். இருந்த ஒரே பிரதியை முதல் நாளே யாரோ எடுத்துப் போயாயிற்று. அது திரும்பி வர இன்னும் பதினொரு நாள் ஆகும்.

பல்கலைக்கழக நூலகம் ஒன்றின் ரிசர்வ் மேசையில் சில வருடம் உட்கார்ந்தவன் நான். செமஸ்டர் தொடங்கி இரண்டாவது வாரம் வந்துவிட்டால் இந்தக் காட்சி நாள் தவறாமல் நடக்கும். பெரும்பாலும் அது புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களின் வகுப்பாக இருக்கும். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. வருகைப் பதிவு எப்படி, மதிப்பெண் எப்படி ஏற்றுவது என்றெல்லாம் சொல்லித் தருகிறவர்கள், புத்தகத்தை ரிசர்வில் வைப்பது எப்படி என்று சொல்லித் தருவதில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

ரிசர்வ் என்பது இதுதான்: ஒரு பாடத்துக்குத் தேவையான புத்தகங்களைப் பொது அடுக்கிலிருந்து எடுத்து, கவுன்ட்டருக்குப் பின்னால் தனி அலமாரியில் வைத்து, இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம், ஒரு நாள் என்று குறுகிய காலத்துக்கு மட்டும் இரவல் தருவது. குறுங்கால இரவல் என்றும் சில இடங்களில் சொல்வார்கள். ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். வேறொருவர் கையில் இருக்கும் புத்தகத்துக்கு அடுத்த ஆளாகப் பெயர் கொடுத்து வைப்பதையும் சிலர் ரிசர்வ் என்றே சொல்வார்கள். நீங்கள் கேட்பது அதுவல்ல. மேசையில் பேசும்போது “பாட ரிசர்வ்” என்று சேர்த்துச் சொல்லுங்கள். அந்த ஒரு சொல் விடுபட்டால் உங்கள் பெயருக்கு ஒரு புத்தகத்தை எடுத்து வைத்துவிட்டு, “வந்து வாங்கிக்கொள்ளுங்கள்” என்று நூலகத்திலிருந்து செய்தி வரும்.

முதலில் ஒரு கணக்கு

விண்ணப்பப் படிவத்தைத் தேடுவதற்கு முன்னால் ஒரு காகிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வகுப்பில் 60 பேர், நூலகத்தில் புத்தகம் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். அது சாதாரண அடுக்கில் இருந்து, இரவல் காலம் 14 நாள் என்றால், 15 வார செமஸ்டரில் ஏழு பேர் படிக்கலாம். மீதி 53 பேருக்குப் புத்தகமே கிடையாது.

அதே புத்தகத்தை இரண்டு மணி நேர ரிசர்வில் வையுங்கள். நூலகம் ஒரு நாளில் 12 மணி நேரம் திறந்திருந்தால் ஆறு பேர் எடுக்கலாம். பத்து நாளில் 60 பேரும் ஒரு முறை பார்த்துவிடலாம்.

காகிதத்தில் இது அழகாக இருக்கிறது. நிஜத்தில் காலை எட்டு மணிக்கு யாரும் வரமாட்டார்கள். வகுப்பு முடிந்து மாலையில்தான் கூட்டம் சேரும். காலை வேளையில் அந்தப் புத்தகம் அலமாரியில் சும்மா இருக்கும், மாலையில் அதற்கு நாலு பேர் காத்து நிற்பார்கள். ஆகவே ஆறு என்பதை மூன்று அல்லது நான்கு என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். அப்போது 60 பேருக்கு 15 முதல் 20 நாள். வியாழக்கிழமை வகுப்பில் “திங்களுக்குள் மூன்றாம் அத்தியாயத்தைப் படித்துவிட்டு வாருங்கள்” என்று சொன்னால் இந்தக் கணக்கில் எத்தனை பேரால் படிக்க முடியும் என்று நீங்களே பாருங்கள். பத்துப் பதினைந்து பேர். மற்றவர்கள் படிக்காமல் வருவதைச் சோம்பல் என்று நினைத்துக்கொள்வீர்கள்.

இதற்கு மூன்று வழி உண்டு. பிரதிகளைக் கூட்டலாம், அல்லது எந்த வாரம் எதைப் படிக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லி நாட்களைக் கூட்டலாம், அல்லது வேண்டிய அத்தியாயத்தை மட்டும் மின் ரிசர்வில், அதாவது ஸ்கேன் செய்து வகுப்பின் இணையப் பக்கத்தில், போடலாம். எது சரி என்பது உங்கள் வகுப்பைப் பொறுத்தது. ஆனால் இந்தக் கணக்கைப் போடாமல் அனுப்பும் விண்ணப்பம் பாதி வேலைதான்.

இரவல் காலத்தையும் இங்கேயே முடிவு செய்துவிடுங்கள். ஒரு அத்தியாயம் படித்துக் குறிப்பெடுக்க இரண்டு மணி நேரம் போதும். கணக்குப் புத்தகம், பயிற்சி போட வேண்டியது என்றால் மூன்று மணி நேரம் கேளுங்கள். நாவல், நீண்ட வரலாற்று நூல் என்றால் ஒரு நாள். ஆளுக்கொரு தலைப்பில் கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறீர்கள், எல்லாரும் ஒரே புத்தகத்துக்கு அடித்துக்கொள்ளப் போவதில்லை என்றால் மூன்று நாள்கூட வைக்கலாம். இரண்டு மணி நேரப் புத்தகத்தை இரவு வீட்டுக்கு எடுத்துப்போக விடலாமா என்று படிவத்தில் ஒரு கேள்வி இருக்கும். பல நூலகங்களில் மூடுவதற்குச் சற்று முன்னால் எடுத்து, மறுநாள் திறந்ததும் திருப்பித் தர வேண்டும் என்பது ஏற்பாடு. வேறு காரணம் இல்லாவிட்டால் சம்மதம் சொல்லுங்கள். இரவில் அலமாரியில் கிடந்து அது யாருக்கும் பயன்படப் போவதில்லை.

படத்தகடு வைக்கிறீர்கள் என்றால் படத்தின் நீளத்தைப் பாருங்கள். எங்கள் மேசையில் ஒரு செமஸ்டர் முழுக்க 140 நிமிடப் படம் ஒன்று இரண்டு மணி நேர இரவலில் இருந்தது. பார்க்க வந்தவர்களெல்லாம் கடைசி இருபது நிமிடத்தைப் பார்க்காமல் ஓடி வந்து தகட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். தேர்வில் கேள்வி படத்தின் முடிவைப் பற்றி. அந்த இரவல் காலத்தைக் கணினியில் ஏற்றியவன் நான்தான்.

பட்டியலை வெட்டுங்கள்

புதிதாக வருபவர்கள் செய்யும் இன்னொரு வேலை, பாடத்திட்டத்தின் கடைசியில் இருக்கும் நாற்பது நூல்களையும் அப்படியே அனுப்பி வைப்பது. உற்சாகம் புரிகிறது. ஆனால் ரிசர்வில் வைக்கும் ஒவ்வொரு புத்தகத்தையும் அந்த செமஸ்டர் முழுக்க மற்ற எல்லாரிடமிருந்தும் பிடுங்கி வைக்கிறீர்கள். பக்கத்துத் துறை ஆராய்ச்சி மாணவர் அதை இரண்டு வாரம் எடுத்துப்போக முடியாது. நூலகவியல் படித்த எல்லாருக்கும் எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகள் மனப்பாடம். முதல் விதி, நூல்கள் பயன்படுத்துவதற்கே. நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து. கவுன்ட்டருக்குப் பின்னால் யாரும் தொடாமல் கிடக்கும் முப்பது புத்தகங்கள் இரண்டு விதிகளையும் ஒரே அடியில் மீறுகின்றன.

கட்டாயம் படிக்க வேண்டியது எது, விருப்பமிருந்தால் படிக்கலாம் என்பது எது என்று பிரியுங்கள். முதல் வகை மட்டும் ரிசர்வுக்கு வரட்டும். பெரும்பாலான பாடங்களுக்கு ஐந்து முதல் பத்து தலைப்புகளுக்குள் வேலை முடிந்துவிடும்.

சில பொருள்களை நூலகம் எடுத்துக்கொள்ளாது. வேறு நூலகத்திலிருந்து உங்களுக்காக வரவழைத்த இரவல் புத்தகம் அதில் முதலாவது. அது உங்கள் நூலகத்தின் சொத்தே அல்ல, அனுப்பிய நூலகத்துக்குக் கொடுத்த வாக்கும் இருக்கிறது. எழுதி நிரப்பும் பயிற்சி ஏடுகளும் வேண்டாம், முதல் மாணவரே நிரப்பிவிடுவார். பதிப்பகம் ஆசிரியருக்கு இலவசமாக அனுப்பும் மாதிரிப் பிரதிகளையும் பல நூலகங்கள் மறுக்கும். முழுப் புத்தகத்தையும் நகலெடுத்துத் தைத்துக் கொண்டுவந்தால் யாரும் வாங்கமாட்டார்கள், அதைக் கேட்கவும் கூடாது.

புத்தகம் தவிர்த்த பொருள்களையும் வைக்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. கால்குலேட்டர், வரைபடம், பாறை மாதிரிகள், மருத்துவ நூலகங்களில் எலும்புப் பெட்டி. எலும்புப் பெட்டி திரும்பி வரும்போது மேசையில் இருப்பவர் பட்டியலை வைத்து ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். ஒரு மணிக்கட்டில் மட்டும் எட்டு எலும்பு. அதில் ஒன்று பட்டாணி அளவுதான் இருக்கும், அதுதான் எப்போதும் காணாமல் போகும். இப்படிப்பட்ட பொருள் வைப்பதாக இருந்தால், பெட்டிக்குள் என்னென்ன இருக்கிறது என்ற பட்டியலையும் படத்தையும் சேர்த்துக் கொடுங்கள்.

எப்போது கேட்பது

வரிசை முறைதான். முதலில் வந்த விண்ணப்பம் முதலில் முடியும். செமஸ்டர் தொடங்கும் வாரம் மேசையில் மலைபோல் குவிந்திருக்கும், அன்று நீங்கள் கொடுப்பது அடியில்தான் போகும்.

புத்தகம் அடுக்கில் இருந்தால் சில நாள் வேலை. யாராவது எடுத்திருந்தால் திரும்பக் கேட்டு வாங்க வேண்டும், அதற்கு ஓரிரு வாரம் ஆகலாம். நூலகத்தில் இல்லவே இல்லை, வாங்க வேண்டும் என்றால் ஒப்புதல், கொள்முதல், வருகை, பதிவு என்று ஒரு மாதத்தைத் தாண்டும். என் யோசனை: வாங்க வேண்டியவற்றை ஆறு முதல் எட்டு வாரத்துக்கு முன்னால் சொல்லுங்கள், மற்றவற்றை நான்கு வாரத்துக்கு முன்னால். பாடம் உங்களுக்கு ஒதுக்கப்பட்டதே போன வாரம்தான் என்றால், முதல் மூன்று வாரத்துக்கு வேண்டியதை மட்டும் இன்றைக்கே அனுப்பிவிட்டு, மீதியைப் பிறகு அனுப்புங்கள். துண்டு துண்டாக அனுப்பினால் நூலகத்தில் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

படிவம்

படிவம் பெரும்பாலும் நூலக இணையதளத்தில் இருக்கும், சில இடங்களில் காகிதம். வகுப்பு நடக்கும் மென்பொருளுக்குள்ளேயே, மூடில், கேன்வாஸ் மாதிரி, வாசிப்புப் பட்டியல் என்று ஒரு பகுதி இருந்து அதன் வழியாகவும் கேட்கலாம். எந்த வழியானாலும் கேட்கும் விவரம் ஒன்றுதான்: பாட எண், பாடத்தின் பெயர், ஆசிரியர் பெயர், மாணவர் எண்ணிக்கை, எந்த செமஸ்டர், புத்தகத்தின் விவரம், இரவல் காலம், தேவைப்படும் தேதி.

இவற்றில் தடுக்கி விழும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

பாட எண். ஒரே வகுப்பை இரண்டு துறைகள் இரண்டு எண்ணில் நடத்துவது உண்டு. வரலாற்று மாணவர் ஒரு எண்ணில் சேர்ந்திருப்பார், அரசியல் அறிவியல் மாணவர் வேறு எண்ணில். நீங்கள் ஒரு எண்ணை மட்டும் எழுதினால் மற்றவர்கள் தேடும்போது எதுவும் வராது, “சார் எதையும் வைக்கவில்லை” என்று போய்விடுவார்கள். எல்லா எண்ணையும் எழுதுங்கள். சேர்ந்து பாடம் எடுக்கும் இன்னொருவர் இருந்தால் அவர் பெயரையும் சேருங்கள். மாணவர்கள் அவர் பெயரைப் போட்டுத்தான் தேடுவார்கள்.

பதிப்பு. “ஏதாவது ஒரு பதிப்பு” என்றால் அப்படியே எழுதுங்கள், “ஐந்தாம் பதிப்பு மட்டும்” என்றால் அதையும் எழுதுங்கள். பழைய பதிப்பில் பயிற்சி எண்கள் மாறியிருக்கும். நீங்கள் நாலாம் அத்தியாயத்தில் ஏழாவது கணக்கைப் போடச் சொல்லியிருப்பீர்கள், மாணவர் வேறு ஏதோ ஏழாவது கணக்கைப் போட்டு வருவார். ஐஎஸ்பிஎன் எண்ணைக் குறிப்பிட்டால் இந்தத் தொல்லை குறையும். ஒவ்வொரு பதிப்புக்கும் தனி எண் உண்டு, கெட்டி அட்டைக்கும் மென் அட்டைக்கும்கூட வேறு வேறு. 2007 முதல் அது 13 இலக்கம். அதற்கு முன்பு வந்த நூல்களில் 10 இலக்கம்தான் அச்சிட்டிருக்கும், பயப்பட வேண்டாம், அதையே எழுதலாம்.

தேவைப்படும் தேதி. எல்லாவற்றுக்கும் செமஸ்டரின் முதல் நாளை எழுதுவது வழக்கமாகிவிட்டது. அப்படிச் செய்யாதீர்கள். பதினோராம் வாரத்துக்கான புத்தகத்துக்குப் பதினோராம் வாரத்தின் தேதியைப் போட்டால், மேசையில் இருப்பவர் முதல் வாரப் புத்தகத்தை முதலில் எடுப்பார். எல்லாமே அவசரம் என்றால் எதுவும் அவசரமில்லை என்றுதான் எங்களுக்குப் படும்.

நூலகத்தில் அந்தப் புத்தகம் இருக்கிறதா என்று நீங்களே ஒரு முறை நூலக அட்டவணையில் தேடி, அதன் அழைப்பெண்ணையும் (எந்த அடுக்கில் இருக்கிறது என்று காட்டும் எண்) குறித்துக் கொடுத்தால் பாதி நாள் மிச்சம். இரண்டு நிமிட வேலை. ஆனால் இதைச் செய்து அனுப்பும் ஆசிரியர்களின் பெயரை மேசையில் எல்லாரும் நினைவில் வைத்திருப்பார்கள்.

சொந்தப் பிரதியைக் கொடுப்பதென்றால்

நூலகத்தில் இல்லை, வாங்க நேரமும் இல்லை என்றால் உங்கள் சொந்தப் புத்தகத்தையே கொடுக்கலாம். பெரும்பாலான நூலகங்கள் ஏற்றுக்கொள்ளும். என்ன செய்வார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு கொடுங்கள். பார்கோடு ஒட்டுவார்கள். அட்டையில் பாட எண் எழுதிய பட்டை ஒட்டுவார்கள். வாசலில் மணியடிக்கும் காந்தப் பட்டையை உள்ளே செருகவும் செய்வார்கள், அதைக் கிழியாமல் எடுக்க முடியாது. தொலைந்தால் அல்லது நனைந்தால் நூலகம் பொறுப்பேற்குமா என்பது இடத்துக்கு இடம் மாறும். பல இடங்களில் பொறுப்பேற்பதில்லை. கையெழுத்துப் போடும் தாளில் அந்த வரியைப் படித்துவிட்டுப் போடுங்கள். ஆசான் கையெழுத்திட்டுத் தந்த பிரதி, இப்போது அச்சில் இல்லாத நூல், இதையெல்லாம் கொடுக்காதீர்கள். கேட்டால் நாங்களே வேண்டாம் என்போம்.

இன்னொன்று, ஓரங்களைப் புரட்டிப் பாருங்கள். ஒரு பேராசிரியர் பல வருடமாகப் பாடம் எடுத்த தன் சொந்தப் பிரதியைக் கொண்டுவந்து கொடுத்தார். பக்கத்துக்குப் பக்கம் பென்சில் குறிப்பு. மூன்றாவது நாளே அந்தப் புத்தகத்துக்கு வரிசை நின்றது. பாடத்தின் மேல் திடீரென்று இவ்வளவு ஆர்வமா என்று எனக்கு வியப்பு. பிறகுதான் தெரிந்தது, சில பத்திகளுக்குப் பக்கத்தில் “தேர்வில் கேட்கலாம்” என்று எழுதியிருந்தார். எல்லாரும் கைப்பேசியில் அந்தப் பக்கங்களைத்தான் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவரிடம் சொன்னபோது சிரித்துவிட்டு, அந்த ஆண்டு வினாத்தாளை மாற்றி எழுதினார்.

மின் ரிசர்வ்: ஸ்கேனும் இணைப்பும்

ஒரு புத்தகத்தில் ஒரு அத்தியாயம் மட்டும்தான் வேண்டும் என்றால் அதை ஸ்கேன் செய்து வகுப்புப் பக்கத்தில் போட்டுவிடலாம். கவுன்ட்டர் வரிசையே இல்லை. ஆனால் ஸ்கேன் செய்வதற்கு முன், அது ஏற்கெனவே நூலகத்தில் மின்வடிவில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆய்விதழ்க் கட்டுரை என்றால் பெரும்பாலும் இருக்கும். அப்போது கோப்பை இறக்கிப் போட வேண்டாம், இணைப்பை மட்டும் கொடுத்தால் போதும்.

இணைப்பில்தான் ஒரு பொறி. கட்டுரையைத் திறந்து, மேலே தெரியும் முகவரியை அப்படியே நகலெடுத்து ஒட்டுவீர்கள். உங்களுக்கு வேலை செய்யும். மறுநாள் மாணவருக்கு “அமர்வு முடிந்துவிட்டது” என்று வரும். அந்த முகவரி உங்கள் உள்நுழைவுக்காக அந்த நேரத்துக்கு மட்டும் உருவானது. நிரந்தர இணைப்பு என்று பக்கத்தில் எங்காவது ஒரு பொத்தான் இருக்கும், அதை எடுங்கள். டிஓஐ இருந்தால் இன்னும் நல்லது. 10 என்ற எண்ணில் தொடங்கும் அந்த அடையாளம், பதிப்பகம் தன் இணையதளத்தையே மாற்றினாலும் கட்டுரையைக் கண்டுபிடித்துத் தரும். வீட்டிலிருந்து படிக்க வேண்டுமென்றால் இணைப்புக்கு முன்னால் நூலகத்தின் பிராக்ஸி முகவரி, அதாவது வெளியிலிருந்து வருபவரை நூலகத்தின் வழியாக உள்ளே விடும் முகவரி, சேர வேண்டும். இது உங்களுக்குப் புதிதென்றால் நூலகத்தில் கேளுங்கள், அவர்களே சேர்த்துத் தருவார்கள். கடைசியில் பல்கலைக்கழகத்துக்கு வெளியே, கைப்பேசியின் சொந்த இணையத்தில் ஒரு முறை திறந்து பாருங்கள். அறைக்குள் உட்கார்ந்து சோதித்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும்.

மின்னூல் இருக்கிறது என்று தெரிந்ததும் நிம்மதியாகிவிட வேண்டாம். எத்தனை பேர் ஒரே நேரத்தில் படிக்கலாம் என்று உரிமம் சொல்லும். ஒருவர், மூவர், வரம்பில்லை என்று வகைகள் உண்டு. ஒரே ஒருவருக்கான உரிமம் உள்ள மின்னூலை 60 பேர் வகுப்புக்குக் கொடுத்தால், அது பழைய வரிசைதான், கண்ணுக்குத் தெரியாத வரிசை. உரிமத்தை உயர்த்த முடியுமா என்று கேளுங்கள். சில பாடநூல்களைப் பதிப்பகங்கள் நூலகங்களுக்கு மின்வடிவில் விற்பதே இல்லை, அங்கே அச்சுப் பிரதிதான் கதி. அடிப்படைப் பாடங்களுக்கு ஓப்பன்ஸ்டாக்ஸ் மாதிரி 2012 முதல் இலவசமாகக் கிடைக்கும் திறந்த பாடநூல்களையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். பொருந்தினால் ரிசர்வே தேவையில்லை.

ஸ்கேன் செய்யத்தான் வேண்டும் என்றால் நூலகத்தையே செய்யச் சொல்வது நல்லது. நீங்களே செய்தால் 300 டிபிஐ அளவில், பக்கம் சாயாமல், விரல் தெரியாமல் எடுங்கள். நூலின் தலைப்புப் பக்கத்தையும் பதிப்புரிமைப் பக்கத்தையும் முதலில் சேருங்கள். எழுத்துணரி, அதாவது படத்தில் உள்ள எழுத்துகளை அடையாளம் காணும் மென்பொருள், ஓட்டிய கோப்பாக இருக்கட்டும். வெறும் படமாக இருந்தால் பார்வையற்ற மாணவரின் திரைவாசிப்பான் அதைப் படிக்காது, மற்றவர்களாலும் ஒரு சொல்லைத் தேட முடியாது. உங்கள் வகுப்பில் அப்படி ஒரு மாணவர் இருந்தால் முதல் வாரத்திலேயே நூலகத்துக்குச் சொல்லுங்கள். படிக்கத்தக்க வடிவம் தயாரிக்க நாள் பிடிக்கும்.

பதிப்புரிமை

அச்சுப் புத்தகத்தை அப்படியே அலமாரியில் வைத்துக் கொடுப்பதில் பொதுவாகச் சிக்கல் எதுவும் இல்லை. அங்கே யாரும் நகல் எடுக்கவில்லை. ஸ்கேன் செய்த நொடியில் கதை மாறுகிறது.

எவ்வளவு எடுக்கலாம் என்பது நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவின் 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 107-ஆம் பிரிவு நான்கு கேள்விகளைக் கேட்கச் சொல்கிறது: எதற்காக எடுக்கிறீர்கள், எப்படிப்பட்ட படைப்பு, எவ்வளவு எடுக்கிறீர்கள், அதனால் அந்த நூலின் விற்பனை அடிபடுமா. ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் மின் ரிசர்வை எதிர்த்து 2008-இல் பதிப்பகங்கள் வழக்குத் தொடுத்தன. 2012-இல் விசாரணை நீதிமன்றம் பத்து சதவீதம் அல்லது ஒரு அத்தியாயம் என்று ஒரு கோடு போட்டது. 2014-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், எல்லாவற்றுக்கும் ஒரே கோடு கூடாது, ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்று திருப்பி அனுப்பியது. வழக்கு 2020 வரை இழுத்தது. இந்தியாவில் 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கற்பிக்கும்போது ஆசிரியரும் மாணவரும் நகலெடுக்க இடம் தருகிறது. டெல்லிப் பல்கலைக்கழகப் பாடத் தொகுப்புகள் பற்றிய வழக்கில் 2016-இல் டெல்லி உயர் நீதிமன்றம், சதவீதத்தைப் பார்க்காமல், கற்பிக்கும் நோக்கத்துக்கு அது தேவையா என்பதைப் பார்க்கச் சொன்னது.

சட்டம் இப்படி இருந்தாலும் பல நூலகங்கள் “பத்து சதவீதம் அல்லது ஒரு அத்தியாயம்” என்பதைத் தங்கள் உள்விதியாக வைத்திருக்கின்றன. உங்கள் நூலகத்தின் விதியைக் கேட்டு அதன்படி போங்கள். எந்த நாட்டிலும் பொருந்தும் சில ஒழுங்குகள் உண்டு: வகுப்பில் சேர்ந்தவர்கள் மட்டும் உள்நுழைந்து பார்க்கும்படி வையுங்கள், செமஸ்டர் முடிந்ததும் எடுத்துவிடுங்கள், ஒரே நூலிலிருந்து வாரம் ஒரு அத்தியாயமாகப் பிய்த்து முழு நூலையும் ஏற்றிவிடாதீர்கள். இந்தக் கடைசித் தந்திரம் தங்களுக்கு மட்டும்தான் தோன்றியது என்று ஒவ்வொரு செமஸ்டரிலும் யாராவது நினைக்கிறார்கள்.

வகுப்பில் சொல்வது

ரிசர்வில் வைத்தாயிற்று, மேசையிலிருந்து “தயார்” என்று செய்தி வந்தாயிற்று. அப்புறம் மாணவருக்குச் சொல்ல வேண்டும். “நூலகத்தில் இருக்கிறது” என்று சொன்னால் போதாது. அடுக்கு அடுக்காகத் தேடிவிட்டு இல்லை என்று திரும்பிவிடுவார்கள். பாடத்திட்டத்தில் இப்படி எழுதுங்கள்: “இந்த நூல் பாட ரிசர்வில் உள்ளது. வழங்கல் மேசையில் எங்கள் பாட எண்ணையும் நூலின் தலைப்பையும் சொல்லிக் கேட்கவும். அடையாள அட்டை தேவை. இரண்டு மணி நேர இரவல், நூலகத்துக்குள் மட்டும்.” தாமதமானால் மணிக்கணக்கில் கட்டணம் ஏறும் என்பதையும் சேருங்கள். சாதாரணப் புத்தகத்துக்கு நாளுக்கு இவ்வளவு என்று பழகியவர்கள் ரிசர்வ் கட்டணத்தைப் பார்த்ததும் மேசையில் சண்டைக்கு வருவார்கள்.

முதல் வாரத்தில் ஒரு நாள் நீங்களே மாணவர் மாதிரி தேடிப் பாருங்கள். அட்டவணையில் பாட எண்ணைத் தட்டினால் எல்லாம் வருகிறதா, எழுதிய எண்ணிக்கைப்படி பிரதிகள் இருக்கின்றனவா, இரவல் காலம் சரியா. தவறு எங்கள் பக்கமும் நடக்கும். 140 நிமிடப் படத்தின் இரவல் காலத்தை இப்படி ஒரு தடவை யாராவது சரிபார்த்திருந்தால் போதும்.

செமஸ்டர் நடுவில்

இரண்டு மூன்று வாரம் கழித்து மேசைக்கு ஒரு தடவை போய், எந்தப் புத்தகம் எத்தனை முறை போயிருக்கிறது என்று கேளுங்கள். கணினியில் எண்ணிக்கை இருக்கும். யார் எடுத்தார்கள் என்று கேட்காதீர்கள், அதைச் சொல்லமாட்டார்கள். ஒரு புத்தகத்துக்கு எப்போதும் வரிசை இருந்தால் இன்னொரு பிரதிக்கு வழி பாருங்கள், அல்லது இரவல் நேரத்தை மூன்று மணியிலிருந்து இரண்டாகக் குறையுங்கள்.

புத்தகம் காணவில்லை என்று மாணவர்கள் சொன்னால் உடனே திருட்டு என்று முடிவு கட்டாதீர்கள். நூலகத்துக்குள் படிக்க எடுத்த புத்தகத்தை, நாளைக்கும் தனக்கே கிடைக்க வேண்டும் என்று வேறு அடுக்கில் ஒளித்து வைப்பது பழைய பழக்கம். நான் ஒரு புள்ளியியல் புத்தகத்தைச் சமையல் நூல்களுக்குப் பின்னாலிருந்து எடுத்திருக்கிறேன். தேர்வு வாரத்தில் இது கூடும். அந்த வாரத்துக்கு முன்னாலேயே முக்கியமான பக்கங்களை மின் ரிசர்வுக்கு மாற்ற முடியுமா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

முடிந்த பிறகு

செமஸ்டர் முடிந்ததும் நூலகப் புத்தகங்கள் தாமாகவே பழைய அடுக்குக்குப் போய்விடும். அடுத்த செமஸ்டரும் அதே பாடம் என்றால் முன்னதாகவே சொல்லுங்கள், எடுத்து வைத்துத் திரும்பவும் கொண்டுவரும் வேலை மிச்சம். பல இடங்களில் ஒவ்வொரு செமஸ்டருக்கும் புதிதாகக் கேட்டே ஆக வேண்டும். போன தடவை வைத்தது அப்படியே இருக்கும் என்று நம்பி முதல் வகுப்புக்குப் போகாதீர்கள்.

உங்கள் சொந்தப் பிரதியை நீங்களேதான் போய் வாங்க வேண்டும். சில நூலகங்கள் துறைக்கு அனுப்பிவிடும். வேறு ஊருக்கு வேலை மாறிப்போன ஆசிரியர்களின் புத்தகங்கள் எங்கள் அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு வரிசையே இருந்தது. வாங்கும்போது பக்கவாட்டில் ஒரு முறை பாருங்கள். பல பேர் கை பட்ட பக்கங்களின் ஓரம் மங்கிக் கறுத்திருக்கும். மூன்றாம் அத்தியாயம் கறுத்து, ஏழாம் அத்தியாயம் கடையில் வாங்கிய அன்று இருந்த வெள்ளையிலேயே இருந்தால், அடுத்த தடவை அந்த ஏழாம் அத்தியாயத்தை மின் ரிசர்வில் போட்டுப் பாருங்கள், அல்லது பட்டியலிலிருந்தே எடுத்துவிடுங்கள்.